திரையில் அந்தச் சாம்பல் கோடு

கோயம்புத்தூர்க் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து எழுதிய கடிதம் கிடைத்தது. கருவியின் திரையில் பச்சைக் கோட்டுக்குப் பின்னால் மங்கலாக ஒரு சாம்பல் கோடு ஓடுகிறதே, அதைப் பார்த்து நர்ஸுகள் குழம்புகிறார்கள், யார் எதற்காக வைத்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைத்தவள் நான்தான். காக்கநாட்டு அலுவலகத்தில் நான் போட்ட சண்டைகளில் பெரியது அதுதான்.

ஒற்றை வரியில் ‘எடுக்காதீர்கள்’ என்று பதில் போட்டிருக்கலாம். காரணம் சொல்லாத உத்தரவு எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட உத்தரவுகளை நானே மீறியிருக்கிறேன். இப்போது எனக்கு நேரத்துக்கும் பஞ்சமில்லை. ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. மட்டாஞ்சேரி வீட்டில் மழை வந்தால் துணி எடுப்பது, வராவிட்டால் துணி போடுவது, இவ்வளவுதான் உத்தியோகம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவள் நான். அப்பா பஜார் ரோட்டில் காப்பிப்பொடிக் கடை வைத்திருந்தார். தமிழ் எழுதக் கற்றுக்கொண்டது வளர்ந்த பிறகுதான். பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிப்பின் மேல் ஒரு வளையம், தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும். அதற்குள் ஒளி சுற்றிக்கொண்டிருக்கிறது. வளையத்தின் மேல், குறிப்பிட்ட கிருமியை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு பூச்சு. நோயாளியின் ரத்தத்தில் தெளியும் நீரை அதன் மேல் ஓடவிட்டால், கிருமி இருந்தால் வந்து ஒட்டும். ஒட்ட ஒட்ட ஒளியின் நிறம் மயிரிழை நகரும். அந்த நகர்வுதான் திரையில் ஏறும் கோடு. தொல்லை என்னவென்றால், சூடு பட்டாலும் அதே கோடு ஏறும். இன்று உங்கள் சிப்பில் சூட்டை மட்டும் உணரும் துணை வளையம் பக்கத்திலேயே இருக்கிறது, கருவியே கழித்துக்கொள்கிறது. எங்கள் முதல் மாடலில் அது கிடையாது. சூட்டினால் கோடு நகர்கிறது என்று தோன்றினால் நாங்களே ஒரு பட்டனைத் தட்டுவோம். ஜீரோ அடிப்பது என்று பேச்சு. தட்டியதும் அதுவரை வந்த கோடு திரையிலிருந்து போய்விடும். புதுக் கோடு அடியிலிருந்து தொடங்கும்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் அடிக்கடி சொல்வது இது: “ஏறுற கோட்டையெல்லாம் நம்பிடாதே. பாதி ஏசி, பாதி உன்னோட ஆசை.” ஆராய்ச்சிக்காரனுக்குக் கோடு ஏறினால் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவர் ஆசை என்றார். எனக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எலிக்காய்ச்சலுக்கான சோதனையை மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன கிளினிக்கில் வைத்து முயன்றுகொண்டிருந்தோம். மழைக்காலத்தில் அங்கே காய்ச்சல் என்று வருபவர்களில் யாருக்கு எலிப்பனி (எலிக்காய்ச்சலுக்கு இங்கே அதுதான் பெயர்), யாருக்கு வெறும் ஜலதோஷம் என்று முதல் இரண்டு நாளில் சொல்வது கஷ்டம். வழக்கமான பரிசோதனை அந்த நேரத்தில் பல சமயம் ஒன்றும் காட்டாது. எங்கள் கருவி, பெட்டி என்றுதான் சொல்வோம், காட்டும் என்பதுதான் எங்கள் வாதம். ஊர்க்காரி, தமிழும் மலையாளமும் தெரியும், வீடு நடக்கும் தூரம் என்பதால் என்னை அங்கே உட்கார வைத்தார்கள். டாக்டரின் மேஜைக்குப் பின்னால் ஒரு மூலையில் நானும் பெட்டியும்.

முதல் மாதத்திலேயே அடி விழுந்தது. மீன் ஏலம் விடும் ஒரு பெரியவர் வந்தார். சோதனை நடுவில் ஏசி நின்றுபோனது. கோடு ஏறியது. நான் ஜீரோ அடிக்கவில்லை. ஆஹா, பிடித்துவிட்டது என்று டாக்டரிடம் காட்டினேன். பெரியவரை எறணாகுளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்று நாள் வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று திருப்பிவிட்டார்கள். அவருடைய மகன் கிளினிக்குக்கு வந்து, “உங்க பொட்டிக்கு விளையாட என் அப்பன்தான் கிடைச்சாரா?” என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டான். அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. எங்கள் முடிவை டாக்டரிடமோ நோயாளியிடமோ சொல்லக்கூடாது, அது இந்தப் பரிசோதனை முயற்சி முடியும்வரை எங்கள் கோப்புக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று எழுத்தில் விதி வந்தது. எனக்கு, கோடு கொஞ்சம் அசைந்தாலும் கட்டைவிரல் பட்டனுக்குப் போகும் பழக்கம் வந்தது. விதியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பழக்கத்தைப் பற்றி எனக்கே தெரியாது.

அதே மழைக்காலத்தின் கடைசியில் ஒரு நாள் காலை அவள் வந்தாள். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். கூடவே புருஷன். எறணாகுளம் பிராட்வேயில் ஒரு ஹோட்டலில் புரோட்டா போடுபவன், மாரியப்பன் என்று சொல்கிறேன். வேலைக்கு நடுவில் சொல்லிவிட்டு வந்தவன்போல, சட்டையில் மாவு ஒட்டியிருந்தது. வாசலை ஒட்டியே நின்றான்.

ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

“அக்கா தமிழா?”

“ஆமா. இங்கேயே பொறந்து வளந்தவ.”

“அதான பாத்தேன். தமிழ் பேசுறீங்க, ஆனா சாயா குடிச்ச தமிழா இருக்கு” என்று சிரித்தாள். நெற்றி கொதிக்கிறது, வாய் சும்மா இருக்கவில்லை. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. இதையும் எழுதியாகவேண்டும், ஏனென்றால் அதுவும் இந்தக் கதையில் ஒரு காரணம்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். மிளகாய் கோடவுனில், அதாவது கிடங்கில், வேலை. தரம் பிரித்து மூட்டை கட்டுவது. போன வாரப் பெருமழையில் கோடவுனுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நாள் அதற்குள் நின்றபடி மூட்டைகளை மேலே ஏற்றியிருக்கிறார்கள். காலில் எப்போதும்போல வெடிப்பும் கீறலும். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். செக்கச்செவேல் என்று இருந்தது. கெண்டைக்காலை அமுக்கினார், அவள் முகம் சுளித்தாள். இரண்டும் எலிப்பனிக்கு உரிய அடையாளங்கள்தான். ஆனால் மிளகாய் கோடவுனில் வேலை செய்யும் யாருடைய இமையை இழுத்தாலும் சிவப்பாகத்தான் இருக்கும். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்கத்தான் செய்யும். அந்தத் தெருவில் இருபது வருடம் வைத்தியம் பார்த்தவருக்கு அது தெரியும். அதனாலேயே அவர் தயங்கினார். எறணாகுளம் ஆஸ்பத்திரிக்கு எழுதும் கடிதத்தாளை எடுத்து மேஜையில் வைத்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. முதலில் ரத்தம் எடுத்து எங்களுக்குக் கொடுக்கச் சொன்னார்.

அவள் என் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, நாளைக்கு ரயிலுக்கு டிக்கெட்டு எடுத்தாச்சு. பிள்ள எங்கம்மாட்ட இருக்கா, மூணாப்பு படிக்கா. பாத்து ஆறு மாசமாச்சு. கோடவுன் காயுற வரைக்கும் வரவேண்டாம்னுட்டாங்க. இந்த மாரி லீவு இனி எப்பக் கிடைக்கும்? ஒண்ணுமில்லன்னு வந்துரணும்க்கா. கொஞ்சம் வேண்டிக்கோங்க.”

“நம்ம வேண்டிக்கிறது பொட்டிக்குக் கேக்காதும்மா” என்றேன். அதற்கும் சிரித்தாள்.

வெறும் உப்புநீரை ஓடவிட்டு, கோடு தரைமட்டமாக ஓடுவதற்காகக் காத்திருந்தேன். கரண்ட் போனது. பெட்டி இன்வெர்ட்டரில் ஓடும், ஏசி ஓடாது. அறை புழுங்கத் தொடங்கியது, கோடு மெதுவாக ஏறியது. ஜீரோ அடித்தேன். அதில் தவறில்லை. பிறகு அவளுடைய ரத்தநீரை உள்ளே விட்டேன். கோடு மறுபடி ஏறியது. இந்த முறை வேகமாக. நான்காவது நிமிஷம் ஏசி தடால் என்று திரும்ப ஓடத் தொடங்கியது. எனக்கு அந்த மீன் ஏலக்காரரின் மகன் முகம் ஞாபகம் வந்தது. பக்கத்தில் இவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு ஏறினால் கெட்டது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருந்தது. “ஏறுதேக்கா” என்றாள். “அது சூடும்மா, ரூம் சூடு” என்று சொல்லிக்கொண்டே ஜீரோவைத் தட்டினேன். ஏறிய கோடு மறைந்தது. புதுக் கோடு அடியிலிருந்து கிளம்பி அப்படியே படுத்துக் கிடந்தது. “பாத்தியா” என்றேன்.

நோயாளியின் ரத்தநீர் உள்ளே போன பிறகு ஜீரோ அடித்தால் அந்த ரன், அதாவது அந்த ஒரு முறைச் சோதனை, செல்லாது. ‘முடிவு இல்லை’ என்று எழுதிவிட்டு, புது சிப் போட்டு மறுபடி செய்யவேண்டும். இதை உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொல்லியிருந்தார்கள். நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று என்னிடம் இரண்டு சிப்தான் மிச்சம் இருந்தது. வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். காக்கநாட்டிலிருந்து அடுத்த சிப்புகள் வர இரண்டு நாள் ஆகும். ஒன்றை இவளுக்கே இன்னொரு முறை செலவழிக்க மனம் வரவில்லை. கோடுதான் படுத்துக் கிடக்கிறதே, இன்னும் என்ன என்று நினைத்துக்கொண்டேன். நாம் விரும்புகிற பதில் கிடைத்தவுடன் சிக்கனம் தானாக வந்துவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

டாக்டர் திரும்பிப் பார்த்தார். கேட்கக்கூடாது என்று அவருக்கும் தெரியும். காய்ச்சல்காரர்கள் வாசல் வரை நிற்கிறார்கள், கையில் திறந்த பேனா.

“எந்தா சேச்சி, பெட்டி எந்து பறயுன்னு?”

பெட்டி என்ன சொல்கிறது என்கிறார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். விதிப்படி சொல்லமாட்டேன் என்றிருக்கலாம். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுமில்ல டாக்டர்” என்றேன்.

அவர் கடிதத்தாளை எடுத்துத் திரும்ப மேஜை டிராயருக்குள் வைத்தார். காய்ச்சலுக்கு மாத்திரை எழுதினார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார், மூச்சு வாங்கினாலோ மூத்திரம் குறைந்தாலோ உடனே வரச் சொன்னார். செல்வி எழுந்து என் கையைப் பிடித்து, “நல்லாருப்பீங்கக்கா” என்றாள். அவள் கை சுட்டது. வாசலில் மாரியப்பன் அவள் பையை வாங்கிக்கொண்டான். மிச்சமிருந்த இரண்டு சிப்பையும் வெளியே நின்றவர்களில் இருவருக்குச் செலவழித்தேன். இருவருக்கும் வெறும் ஜலதோஷம்.

சோதனைக்கு வந்தவர்களை ஒரு வாரம் கழித்துப் போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு படிவத்தில் நிரப்புவது வழக்கம். செல்வியின் எண்ணுக்குப் போட்டேன். மாரியப்பன் எடுத்தான். கிளினிக்கிலிருந்து பேசுகிறேன், செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“அவ செத்துட்டா மேடம். வியாழக்கிழம.”

அவன் தானாகவே சொன்னான். ஊருக்குப் போன மறுநாளே மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கிறது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எலிக்காய்ச்சல், நுரையீரல் வரை போய்விட்டது என்றார்களாம். ரெண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார்களாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். பிறகு, “வேற எதாச்சும் கேக்கணுமா மேடம்?” என்றான்.

இல்லை என்று வைத்துவிட்டேன். படிவத்தில் ‘நலம்’, ‘தேறி வருகிறார்’, ‘மற்றவை’ என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மற்றவையில் டிக் செய்தேன்.

அன்று மாலை காக்கநாட்டுக்குப் போய் அவளுடைய கோப்பைத் திறந்தேன். ஜீரோ அடித்தால் கோடு திரையிலிருந்துதான் போகும், பெட்டிக்குள் எல்லாமே பதிவாகியிருக்கும். இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தேன். சூட்டில் நகரும் கோடு சாய்வாகப் போய்க்கொண்டே இருக்கும், ஏசி வந்தால் இறங்கும். இது அப்படி இல்லை. விறுவிறு என்று ஏறி, நான்காவது நிமிஷத்தில் வளைந்து, பிறகு மட்டமாக நிற்கிறது. பூச்சில் இடமில்லாத அளவுக்குக் கிருமி வந்து ஒட்டிவிட்டால் கோடு அப்படித்தான் நிற்கும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆன யாரும் அதை அடையாளம் காண்பார்கள். ஏசி வந்தபோது அது இறங்கவே இல்லை, அதைக்கூட நான் பார்க்கவில்லை. ஏறிய பாதியை அழித்துவிட்டு, மட்டமாக நின்ற பாதியை அவளிடம் காட்டி, பாத்தியா என்றிருக்கிறேன்.

சொல்லிக்கொடுத்தவரிடம் ஓடினேன். அவர் நெடுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

“ரத்தநீர் போனதுக்கப்புறம் ஜீரோ அடிச்ச ரன் எப்படியும் செல்லாது. வெப்ப அலைவு, சூட்டுல கோடு நகந்துச்சுன்னு போட்டு விலக்கிடு. விதியில இடம் இருக்கு.”

“நான் டாக்டர்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னேன் சார்.”

“அது எந்தப் பேப்பர்லயும் இல்லையே. பாரு, நீ எழுதி வைச்சா அவ திரும்பி வரப்போறதில்ல. மொத்த முயற்சியும் நின்னுபோகும். இந்தப் பெட்டி நாளைக்கு நூறு பேரைக் காப்பாத்தும். உன்னையும் சேத்துத்தான் நான் யோசிக்கிறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். என் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறியவர். அவர் சொன்னதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. நான் ‘விலக்கப்பட்டது, வெப்ப அலைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னுடைய பெரிய தவறு எது என்று யாராவது கேட்டால் ஜீரோ அடித்ததைச் சொல்லமாட்டேன். அந்தக் கையெழுத்தைத்தான் சொல்வேன்.

மாதங்கள் போயின. கிளினிக்குக்குப் போனேன், வந்தேன். மிளகாய் கோடவுன் இருக்கும் சந்துக்குள் போகாமல் சுற்றிப் போகும் வழக்கம் வந்தது. வீட்டில் கேட்டால் அந்த நெடி தும்மல் வரவழைக்கிறது என்றேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். எறணாகுளம் போவதற்காகப் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தேன். பெஞ்சில் மாரியப்பன் உட்கார்ந்திருந்தான். இளைத்துப்போயிருந்தான். மடியில் ஒரு புது ஸ்கூல் பை, ரோஸ் கலர், விலை அட்டைகூடக் கிழிக்கவில்லை. பார்த்தும் பாராமல் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

“சுகமா மேடம்?”

“பை யாருக்கு?” என்று கேட்டேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

“பாப்பாவுக்கு வாங்குனேன். நேத்து கொண்டு போனேன். மாமியா வாசல்லயே நிப்பாட்டிட்டாங்க. பிள்ளைய கண்ணுலயே காட்டல.” அவன் பையைத் தடவிக்கொண்டே பேசினான். “காய்ச்சலோட எம்மவள ரயில் ஏத்தி விட்டவன்தானலேன்னு கேக்காங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல மேடம். திருநெல்வேலில டாக்டரும் ரெண்டு நாள் முந்தின்னுதான சொன்னாரு. நாந்தான் லேட்டாக்கிட்டேன். அன்னைக்கே வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்.”

அவன் அழவில்லை. பல தடவை சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். படகு வந்து, ஆட்கள் ஏறி, படகு போனது. நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோடு ஏறியது, நான் அழித்தது, டாக்டர் கேட்டது, நான் சொன்னது, பிறகு போட்ட கையெழுத்து. அவனுக்குப் புரியவேண்டுமே என்று இரண்டு முறை சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் தோன்றுகிறது.

பையின் விலை அட்டையை விரலில் சுற்றினான். பிறகு கேட்டான்.

“அப்ப நான் லேட்டாக்கலயா மேடம்?”

“இல்லப்பா. நீ சரியான நேரத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தே.”

அப்போதுதான் அழுதான். அந்தப் பையில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதான். இவ்வளவு நாளும் என் ஒரு கையெழுத்துக்குக் கீழே இந்த மனுஷன் நசுங்கிக் கிடந்திருக்கிறான், எனக்குத் தெரியவே தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஒரு எண்ணைக் காட்டினான்.

“இதை எங்க மாமியாகிட்ட சொல்லுவீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நான் கூப்பிட்டா எடுக்கவும் மாட்டாங்க. உங்க போன்லருந்து போடுங்க.”

போட்டேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு எண்ணை அழுத்தியதில்லை. அந்த அம்மா எடுத்தார். நான் யார் என்று சொல்லி, மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை ‘அம்மா’ என்றேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“அப்ப அந்தப் பொட்டிக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார் கடைசியில்.

“ஆமாம்மா.”

“எம்மவளுக்கு இன்னதுன்னு அது காட்டியிருக்கு.”

“காட்டிச்சும்மா.”

“பெறவு என்னத்துக்குத் தாயி அழிச்ச?”

குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சூடு என்று நினைத்தேன் என்பது பதில் இல்லை. உங்கள் மகள் ரயில் ஏற ஆசைப்பட்டாள், எனக்கும் அவளுக்கு நல்ல வார்த்தை சொல்ல ஆசையாக இருந்தது என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? அந்த அம்மாவே, “அவன் அங்கன இருந்தா போனை அவன்கிட்ட குடு” என்றார். கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். மாரியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையோடு தென்காசிக்குப் போனான்.

மறுநாள் காக்கநாட்டில் என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். முயற்சி நின்றது. பல மாதம் நின்றது. என்னைக் கிளினிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். டாக்டரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நான் கேட்டிருக்கக் கூடாது சேச்சி” என்றார். சொல்லிக்கொடுத்தவர் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, “நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பா?” என்று கேட்டார். “பாதி சார்” என்றேன். ஏறும் கோட்டில் நம்முடைய ஆசை கலந்திருக்கும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். படுத்துக் கிடக்கும் கோட்டிலும் அது கலந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்கு நான் சொல்கிறேன்.

அந்தச் சாம்பல் கோடு அப்படி வந்தது. யார் எத்தனை முறை ஜீரோ அடித்தாலும், முதலிலிருந்து பெட்டி கண்டது முழுவதும் பச்சைக்குப் பின்னால் மங்கலாக ஓடிக்கொண்டே இருக்கும். அழகாக இல்லை, நர்ஸுகளுக்கு விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது, துணை வளையம் வந்த பிறகு தேவையில்லை என்று அன்றே எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்தான். கோபமில்லை. உங்கள் வயதில் நானும் எழுதியிருப்பேன்.

நான் ஓய்வு பெற்றவள், உங்கள் கையை வந்து பிடிக்க முடியாது. எடுக்க முடிவு செய்தால் எடுங்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய கோப்புகளில், விலக்கப்பட்டு மறுபடி சேர்க்கப்பட்ட ரன் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், தேடினால் கிடைக்கும். ஆறு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அதைத் திரையில் போடுங்கள். முதலில் சாம்பல் கோட்டோடு பாருங்கள். பிறகு அதை மறைத்துவிட்டுப் பாருங்கள்.

மறைத்துவிட்டால் செல்விக்கு ஒன்றுமில்லை. நாளைக்கு ரயில் ஏறலாம்.